மர அச்சில் மெழுகு வார்த்த அனுபவங்கள்

மெழுகுச்சட்டி:
மூன்று மாதம் கழிந்தும் அந்தக் குமிழிகள் என் கண்ணை விட்டு அகலவில்லை. இரண்டு பாதியாகப் பிரியும் தாமரை மொட்டு அச்சைத் தேக்கில் குடைந்தேன். உருண்டை முனை கொண்ட 3 மி.மீ. வெட்டலகான பால் நோஸ் பிட்டை வரிக்கு வரி 0.3 மி.மீ. மட்டுமே நகர வைத்ததால், ஒரு பாதிக்கே ரவுட்டர் (கணினி வழி மரம் குடையும் இயந்திரம்) நான்கு மணி நேரம் ஓடியது. உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி, திரியை இழுத்துக் கட்டி, 80 டிகிரியில் பாரபின் மெழுகை ஊற்றிய சில நொடிகளில், கொதிக்கும் உலையைப் போல மேற்பரப்பெங்கும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. மறுநாள் காலை, பாதிகளை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தி அச்சைப் பிரித்தபோது 'படக்' என்றது. இடப்பக்க இதழ்கள் மரத்தோடேயே தங்கிவிட, எஞ்சிய அரை மொட்டு அம்மைத் தழும்பு போன்ற குழிகளோடு திரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய இழைப்புளி:
எண்ணெய் தடவியதுதான் தவறு. சூடான மெழுகு எண்ணெயைக் கரைத்துக்கொண்டு மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும்; மரம் ஏற்கெனவே நீரைக் குடித்திருந்தால் மெழுகு இறங்க இடமிராது. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் தேன் ரொட்டி சுட்டவர்களே மெழுகு வேலையும் செய்தார்கள். தேனும் மெழுகும் ஒரே கூட்டிலிருந்து வருபவை அல்லவா? மாவை அழுத்திய அதே மர அச்சை நீரில் ஊறவைத்து மெழுகையும் வார்த்தார்கள். இதைப் படித்த உற்சாகத்தில் நானும் என் அச்சை இரவு முழுவதும் தொட்டியில் போட்டுவைத்தேன். மெழுகு ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் மரம் உப்பிப் பாதிகள் இரண்டும் பொருந்தாமல் போனதால், ஊற்றிய மெழுகில் பாதி இணைப்பு வழியே ஒழுகி என் செருப்பின்மேல் உறைந்தது. இப்போது இருபது நிமிடம் ஊறவைத்து, துணியால் ஒற்றியெடுத்துவிட்டு ஊற்றுகிறேன்.

திரிநூல்:
ஊறவைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. நனைவதும் காய்வதுமாக இருக்கும் மரம் நாளடைவில் கோணிக்கொள்ளும். என் கதை சிறியது. தேவாலயத் திருவிழாவுக்கான பெரிய மெழுகுவர்த்திகளில் 'மரியே வாழ்க' என்று வர வேண்டியிருந்தது. வடிவத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்ப மறந்து அச்சைக் குடைந்துவிட்டேன். உபதேசியார் ஒன்றைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணாடியில்தான் வாசிக்க முடிகிறது, தம்பி" என்றார்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், மரத்தில் குழியைக் குடையாதீர்கள். மெழுகுவர்த்தியின் உருவத்தையே மரத்தில் செதுக்கி, ஷெல்லாக் என்னும் அரக்கு மெருகைப் பூசி நுண்துளைகளை அடைத்து, அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்செடுங்கள். எழுத்தைத் திருப்ப வேண்டிய தொல்லை இல்லை. சிலிக்கோன் வளைந்து கொடுப்பதால் உட்குழிவான இடங்களிலிருந்தும் மெழுகு உடையாமல் வெளியே வரும். மர அச்சுதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்கள், மெழுகு சிக்காமல் கழன்றுவர, குழியின் செங்குத்தான சுவர்களுக்கு மூன்று டிகிரியாவது சாய்வு கொடுங்கள். பிட் விட்டுச்சென்ற வரிகளை உப்புத்தாளால் தேயுங்கள். மெழுகு ஆறும்போது சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும் என்பதால், இரண்டாம் முறை ஊற்றக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

மெழுகுச்சட்டி:
சிலிக்கோனில் வார்ப்பதாக இருந்தால் தேக்குக்கு இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டேன். இழைப்புளி சொன்னபடி இருபது நிமிடம் ஊறவைத்து, 70 டிகிரியில் ஊற்றிப் பார்த்தேன். மொட்டு முழுதாக வந்தது. குமிழிகள் அடியோடு நிற்கவில்லை. ஆனால் இம்முறை குழிகள் விழுந்தது இதழ்களின் நுனியில் மட்டுந்தான். அச்சில் அந்த நுனிகள் அமைந்த இடத்தைத் தடவிப் பார்த்தால், மரத்தின் ரேகை குறுக்காக வெட்டுப்பட்டுத் துளைகள் திறந்து கிடக்கின்றன; அவற்றிலிருந்த காற்றுதான் குமிழியாகக் கிளம்பியிருக்க வேண்டும். அடுத்த பலகையில் மொட்டைத் திருப்பிப் படுக்கவைத்துக் குடையப்போகிறேன்.