இந்த ஓவியத்தில் இருப்பவர்கள் கணவன் மனைவியா?

கேள்வி:
வில்லியம் ஹோல்மன் ஹன்ட் 1853-இல் வரைந்த ‘விழித்தெழும் மனசாட்சி’ படத்தை இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் இருக்கும் படம். வசதியான வீட்டு வரவேற்பறை, ஆண் சாய்ந்து உட்கார்ந்தபடி பியானோவில் கை வைத்திருக்கிறான், அவன் மடியில் இருந்த பெண் சட்டென்று எழுகிறாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அது விளையாடுகிறவளின் முகம் இல்லையே. யாராவது சொல்லுங்களேன்.

பதில்:
அவள் கோத்திருக்கும் கைகளைப் பாருங்கள் நண்பரே. மற்ற விரல்களில் மோதிரம் இருக்கிறது, இடது கையில் கல்யாண மோதிரம் போடும் விரலில் மட்டும் இல்லை. அவன் மேஜைமேல் தொப்பியை வைத்திருக்கிறான், கையுறையைக் கழற்றிக் கீழே போட்டிருக்கிறான். வந்துபோகிறவன். அவளை வைத்துக்கொள்ள அவன் அமர்த்திக் கொடுத்த வீடு அது. அந்த அறையையே ஹன்ட் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் வாடகைக்கு எடுத்துத்தான் வரைந்தார். லண்டனில் அந்தக் காலத்தில் இந்த மாதிரி வீடுகளுக்குப் பேர்போன பகுதி அது. பியானோமேல் இருப்பது ஐரிஷ் கவிஞர் தாமஸ் மூரின் பாட்டு, கழிந்துபோன இளமையை நினைத்து ஏங்கும் பாட்டு. அதைக் கேட்டுத்தான் எழுந்துவிடுகிறாள்.

பதில்:
மோதிரத்துக்கு முன்னால் எனக்கு மேஜை நாற்காலிதான் கண்ணில் பட்டது. எல்லாமே பளபளவென்று கடையிலிருந்து இப்போதுதான் இறக்கிய மாதிரி, ஒரு கீறல் இல்லை, ஒருவர் உட்கார்ந்து தேய்ந்த இடம் இல்லை. 1854 மே மாதம் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இந்தப் புதுமையைத்தான் பிடித்துக்கொண்டார். ஓவியர் இழை இழையாக வரைந்த அவள் பாவாடை விளிம்பு நாளைக்குத் தெருப் புழுதியிலும் மழையிலும் கிடக்கும் என்றும் எழுதினார். அதைப் படித்ததிலிருந்து அந்த வெள்ளை விளிம்பை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

பதில்:
சரி, ஆனால் படத்தை வெறும் குறியீட்டுப் பட்டியலாக்கிவிட வேண்டாம். மேஜைக்கடியில் பூனை பறவையைப் பிடித்துவைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே படுகிறது. முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நாம் பார்ப்பது முதலில் வரைந்த முகம் இல்லை. படத்தை வாங்கிய தாமஸ் ஃபேர்பெர்னால் அந்த வேதனையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மாற்றச் சொன்னார், ஹன்ட்டும் திருத்திக் கொடுத்தார். எனக்கு அது பெரிய இழப்பு.

அப்புறம் அவளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி. அதில் திறந்த ஜன்னலும் வெயில் விழுந்த தோட்டமும் தெரிகின்றன. அதாவது அவள் பார்க்கும் தோட்டம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
கண்ணாடியை நான் சுவரில் மாட்டிய இன்னொரு படம் என்றே நினைத்திருந்தேன்! இப்போது திரும்பப் பார்த்தால் கீழே வலது மூலையில் விழும் வெளிச்சமும் அந்த ஜன்னலிலிருந்துதான் வருகிறது.