பிஎஸ்5க்கு 3,500 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிள் தேவையா?

கேள்வி: பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி) இணைக்கப்போகும் டிவி 4கே, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்). தங்க முலாம் பூசிய கேபிள் போட்டால்தான் கலர் தெளிவாக வரும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிஎஸ்5 பெட்டியிலேயே அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிள் வருகிறது, அதுவே போதும். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் மோசமானால் கலர் மங்காது. புள்ளி புள்ளியாக மின்னும், இல்லாவிட்டால் படம் விட்டு விட்டுக் கறுத்துப்போகும். தங்க முலாம் முனை அரிக்காமல் காக்கும், அவ்வளவுதான்.

பதில்: தனியாக வாங்கினால் அட்டையில் "2.1" என்று எச்டிஎம்ஐ பதிப்பு எண் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். க்யூஆர் குறியுடன் "அல்ட்ரா ஹை ஸ்பீடு" லேபிள் இருக்க வேண்டும், ஸ்கேன் செய்து பாருங்கள். 48 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 48 கிகாபிட்) வேகத்துக்கு சாதாரண செம்புக் கேபிள் 3 மீட்டருக்குள் இருப்பதே நல்லது. 10 மீட்டர் இழுக்க ஆப்டிகல் வகை (ஒளி இழை வழியாக சிக்னல் அனுப்பும் கேபிள்) வேண்டும். அதற்குத் திசை உண்டு, 'சோர்ஸ்' முனை பிஎஸ்5 பக்கம். சுவருக்குள் புதைக்கும் முன் கட்டாயம் சோதியுங்கள்!

பதில்: பல டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டிலும் 4கே 120 ஹெர்ட்ஸ் கிடையாது. இதைத்தான் கடையில் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரியான போர்ட்டில் செருகி, டிவி செட்டிங்கில் சாம்சங் என்றால் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனி என்றால் 4கே 120க்கான 'என்ஹான்ஸ்டு ஃபார்மேட்' ஆன் செய்யுங்கள். அது ஆஃபில் இருந்தால் எந்தக் கேபிள் போட்டாலும் 4கேயில் 60 ஹெர்ட்ஸைத் தாண்டாது.