தடியஸ் ஸ்டீவன்ஸ்: ஒருவரா, இருவரா?

மஞ்சக்குப்பம் வாசகர்:
வணக்கம். கடலூர் வாசகர் வட்டத்தில் அமெரிக்க வழக்கறிஞர் தடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றிப் 10 நிமிடம் பேச வேண்டும். ஒரு குறிப்பில் அடிமைமுறையை எதிர்த்தவர் என்று இருக்கிறது. இன்னொன்றில், அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபராம். எது சரி? பேச்சை எங்கே தொடங்கலாம்?

தென்பெண்ணை:
இரண்டு பேர் ஐயா. தமிழில் எழுதும்போது பெயர் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. துணை அதிபர், ஜார்ஜியாவின் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ். அவரும் வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், குழப்பம் அதனால்தான். கறுப்பர் சமமானவர் அல்லர் என்பதே புதிய அரசின் அடித்தளம் என்று 1861 மார்ச்சில் சவானாவில் பேசியவர் அவர்.

உங்களவர் 1792-ல் வெர்மான்ட்டில் பிறந்தவர். 1816-ல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, 1842-ல் லங்காஸ்டருக்கு மாறினார். குறிப்பில் ஊர்ப்பெயரைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

புதுவை சட்ட மாணவி:
1821 வழக்கில் தொடங்குங்கள். பென்சில்வேனியாச் சட்டப்படி, வெளிமாநில அடிமையை அங்கே ஆறு மாதம் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை. சாரிட்டி பட்லர், வந்துபோன நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தாண்டும் என்றார். எசமானுக்காக வாதாடிய ஸ்டீவன்ஸ், ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு வென்றார். பட்லர் அடிமையாகவே இருக்க நேர்ந்தது. இதை விட்டால் பேச்சு வெறும் புகழ்மாலைதான்.

அடுத்து நேராக 1851-க்கு வாருங்கள். தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்கப் போனவர்களோடு பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா என்ற ஊரில் மோதல். பிடிக்க உதவ மறுத்த உள்ளூர்க்காரர் காஸ்ட்னர் ஹான்வே மீது தேசத்துரோக வழக்கு. இப்போது ஸ்டீவன்ஸ் ஹான்வேயின் வக்கீல்களில் ஒருவர். ஹான்வே விடுதலையானார்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
நன்றி அம்மா. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தை எழுதியவர் இவர்தானே?

தென்பெண்ணை:
அப்படிச் சொல்லிவிடாதீர்கள். சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமப் பாதுகாப்பு என்று சொல்லும் முதல் பிரிவின் வாசகம் பெரும்பாலும் ஒஹாயோ உறுப்பினர் ஜான் பிங்காமுடையது. ஸ்டீவன்ஸ், திருத்தத்தை வகுத்த, இரு அவைகளின் 15 பேர் கொண்ட கூட்டுக்குழுவில் இருந்தார். 1866 மே 8-ல் பிரதிநிதிகள் அவையில் அதற்காகப் பேசினார். கறுப்பருக்கு வாக்குரிமையை நேரடியாகத் தராத திருத்தம் அது. தான் விரும்பியதைவிடக் குறைவு என்று தெரிந்தே ஆதரித்தார். அந்தத் தயக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

1868 ஜூலையில் திருத்தம் நிறைவேறியது. ஆகஸ்ட் 11-ல் அவர் இறந்தார். லங்காஸ்டரில் மற்ற இடுகாடுகள் நிறம் பார்த்ததால், எல்லாரையும் ஏற்ற ஒரு சிறிய இடுகாட்டை அவரே தேர்ந்து வைத்திருந்தார். அந்தக் காரணம் அவர் கல்லறைக் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.