காந்திக்கும் அம்பேத்கருக்கும் ஒரே வட்டக் கண்ணாடி போதுமா? (பள்ளி நாடகம்)

திரைச்சீலை:
ஆண்டு விழா நாடகத்துல காந்தி, அம்பேத்கர், எம்.ஜி.ஆர்., கலைஞர் நாலு பேரும் வர்றாங்க. முதல் ரெண்டு பேருக்கும் ஒரே வட்டக் கண்ணாடியை மாத்தி மாட்டலாமா? அம்பேத்கரா நடிக்கிற பையனுக்கு -4 பவர், -1.5 சிலிண்டர் (ஒரு குறிப்பிட்ட திசையில மட்டும் வேலை செய்யிற கூடுதல் பவர்). லைட் போட்டா லென்ஸ் பளபளக்குது, கண்ணே தெரியலை.

அரிதாரம்:
மாத்தி மாட்டாதீங்க. காந்திக்கு மெல்லிய கம்பி பிரேம். அம்பேத்கருக்கு விளிம்பு கனமா, கறுப்பா, கடைசி வரிசைக்கும் தெரியணும். ஊர் ஊரா நிக்கிற சிலைகள்ல கோட்டு, புத்தகம், கண்ணாடி மூணும் சேர்ந்துதான் "படிச்சவர்"ங்கிற பெருமையைச் சொல்லுது. அந்தப் பெருமையை மெலிசுக் கம்பியில கொண்டுவர முடியாது. காந்தி கண்ணாடிக்கு ஆளே வேண்டாம்: 2014-ல வந்த தூய்மை இந்தியா சின்னத்துல முகம் கிடையாது, கண்ணாடி மட்டும்தான்.

காந்திக்கு மொட்டைத்தலை விக் வைப்பீங்க இல்லையா, அப்ப காதைச் சுத்தி வளையிற கம்பி வேண்டாம். கழட்டும்போது விக் ஓரத்தைத் தூக்கிடும். நேரான காதுக்கம்பியே போதும்.

கலைஞர் கறுப்புக் கண்ணாடி போட்டது விபத்துல கண் பாதிச்சதால. ஸ்டைலுக்குக் கழட்டி மாட்டுற மாதிரி பையனை நடிக்க வைக்காதீங்க. எம்.ஜி.ஆருக்குக் கண்ணாடியோட வெள்ளைத் தொப்பியும் இருந்தாத்தான் அடையாளம் முழுசாகும்.

ஆக்சிஸ்180:
பவர் இல்லாத பையன்னா லென்ஸைக் கழட்டிட்டு வெறும் பிரேமை மாட்டுங்க, பளபளப்புப் பிரச்னையே முடிஞ்சுது. அம்பேத்கர் பையனுக்கு ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் கோட்டிங்கோட (பளபளப்பைக் குறைக்கிற பூச்சு) அவன் பவரையே போடணும். காதுகிட்ட காதுக்கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினா லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும், வெளிச்சம் தரைக்குப் போயிடும்.

பிரேம் உள்பக்கம் 46-20-140ன்னு இருக்கும்: லென்ஸ் அகலம், பிரிட்ஜ் (மூக்கு மேல வர்ற இணைப்பு) அகலம், காதுக்கம்பி நீளம், எல்லாம் மில்லிமீட்டர்ல. முதல் ரெண்டையும் கூட்டினா 66. அது பையனோட பி.டி.க்கு (ரெண்டு கண்மணிக்கும் நடுவுல உள்ள தூரம்) எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. பி.டி. 60ன்னா ஒவ்வொரு லென்ஸோட மையமும் 3 மி.மீ. மூக்குப் பக்கம் நகரும், வெளி ஓரம் தடிக்கும்.

முக்கியமான விஷயம்: முழு வட்ட லென்ஸ் பிரேமுக்குள்ள சுத்தும். சிலிண்டர் இல்லாதவங்களுக்கு அது தெரியவே தெரியாது. இந்தப் பையனுக்கு 10 டிகிரி திரும்பினாலே சிலிண்டர்ல மூணுல ஒரு பங்கு, அதாவது அரை பவர் அளவுக்குப் பிழை வந்துடும், மங்கலாத் தெரியும், தலையும் வலிக்கலாம். லென்ஸை ஒரு பொடி சின்னதா வெட்டிட்டாலோ, ரிம் ஸ்க்ரூ தளர்ந்தாலோ இப்படி ஆகும். வாங்கும்போதே லென்ஸ் ஓரத்துலயும் ரிம்லயும் நேருக்கு நேர் ஒரு மார்க்கர் புள்ளி வைக்கச் சொல்லுங்க. மேடை ஏறும் முன்னாடி ரெண்டு புள்ளியும் சேருதான்னு பாருங்க.

திரைச்சீலை:
நன்றி சார். கறுப்புக் கண்ணாடி போட்டா பசங்களுக்கு மேடைப் படி தெரிய மாட்டேங்குது. ஒருத்தனுக்கு மூக்குலேர்ந்து வழுக்கிட்டே இருக்கு.

ஆக்சிஸ்180:
வெயில் கண்ணாடி பெரும்பாலும் 8 முதல் 18 சதவீதம் வெளிச்சத்தைத்தான் விடும். உள்ளரங்கத்துக்கு அது ஆகாது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ்ல 60 சதவீத கிரே டின்ட் (60 சதவீத வெளிச்சத்தைத் தடுக்கிற சாம்பல் நிறச் சாயம்) போடச் சொல்லுங்க, கீழேயிருந்து பார்த்தா போதுமான அளவு இருட்டாத்தான் தெரியும்.

அரிதாரம்:
வழுக்கலுக்கு: பிரிட்ஜ் உட்கார்ற இடத்துல கிரீம் மேக்கப் தடவாதீங்க, பவுடர் மட்டும். மூக்கு தட்டையா இருந்தா ஒட்டுற சிலிக்கான் நோஸ் பேடு வாங்கி பிரிட்ஜுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. தோல்ல ஒட்டுற டேப் வேண்டாம், வேர்த்தா கழண்டுடும்.