பழைய பென்டியம் 4இல் 3 ஜிகாஹெர்ட்ஸ், புது லேப்டாப்பில் 1.3 தானா?

தக்கலை ஸ்டுடியோ:
வணக்கம். தக்கலையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். அப்பா வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டர் இன்னும் கடையில் இருக்கிறது, ஆன் பண்ணினால் 3.00 ஜிகாஹெர்ட்ஸ் என்று காட்டும். கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய லேப்டாப் வாங்கலாம் என்று நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கினேன். இன்டெல் ஐ5-1235யு புராசஸர் உள்ள ஒன்றைக் காட்டினார்கள், விவரத்தில் 1.3 ஜிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. இருபது வருடத்தில் வேகம் பத்து மடங்காவது கூடியிருக்க வேண்டாமா, பாதிக்கும் கீழே வந்திருக்கிறதே? புராசஸர் செய்கிற இன்டெலும் ஏஎம்டியும் தங்களுக்குள் பேசி முடிவு பண்ணி வேகத்தை நிறுத்திவிட்டார்களா? விஷயம் தெரிந்த அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

வடசேரி:
பேசி முடிவு பண்ணவில்லை தம்பி. ஜிகாஹெர்ட்ஸ் என்பது சிப் ஒரு வினாடியில் எத்தனை நூறு கோடி தடவை துடிக்கிறது என்ற கணக்கு, அதற்காக அந்த இரண்டு கம்பெனியும் அடித்துக்கொண்ட அடி கொஞ்சமில்லை. 2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 ஜிகாஹெர்ட்ஸ் அத்லான் புராசஸரை அறிவித்தது, இரண்டே நாளில் இன்டெல் 1 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐக் கொண்டு வந்தது. அதோடு விடாமல் 1.13 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனார்கள், அது நிலையாக ஓடாததால் அதே ஆகஸ்டில் திரும்பப் பெற வேண்டி வந்தது.

அப்புறம்தான் உங்கள் பென்டியம் 4. வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதற்கு வசதியாக, ஒரு கட்டளையை முடிக்கிற வேலையை 20 படிகளாகப் பிரித்தார்கள், 2004இல் வந்த பிரெஸ்காட் என்ற பென்டியம் 4இல் 31 படி. நம்ம ஊர் அண்டி (முந்திரி) ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள், உடைக்க ஒருவர், தோல் உரிக்க ஒருவர், தரம் பிரிக்க ஒருவர் என்று வேலையைத் துண்டு துண்டாக்கினால் ஒவ்வொரு கையும் வேகமாக ஓடும், ஆனால் முதலில் தப்பான மூட்டையைப் பிரித்துவிட்டால் வரிசையில் இருப்பது முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று புராசஸர் ஊகித்துத்தான் வேலையை உள்ளே தள்ளுகிறது, ஊகம் தவறினால் இதே கதை, வரிசை நீளமாக இருந்தால் நஷ்டமும் அதிகம். அதனால் பென்டியம் 4 ஒரு துடிப்பில் செய்த வேலை குறைவு. ஏஎம்டி இதைத்தான் பிடித்துக்கொண்டு, 2001இல் 1.53 ஜிகாஹெர்ட்ஸ் அத்லான் எக்ஸ்பியை, 1.8 ஜிகாஹெர்ட்ஸ் போலத் தோன்றும்படி, 1800+ என்ற பெயரில் விற்றது. எண்ணை வைத்து மட்டும் வாங்காதீர்கள்.

குழித்துறை:
வடசேரி அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஏன் நின்றது என்பதற்குக் காரணம் சூடு. சிப் எடுக்கிற மின்சாரம் துடிப்பு வேகத்தோடு கூடும், மின்னழுத்தம் கூடினால் அதன் வர்க்கத்துக்குக் கூடும். வேகம் ஏற்ற வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும், அப்போது சூடு எங்கேயோ போய்விடும். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவும் 1974இல் ஒரு கணக்கு சொன்னார்கள்: சிப்புக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் அதே பரப்பில் சூடு ஏறாது. வருடக்கணக்கில் அந்தக் கணக்கில்தான் வண்டி ஓடியது. 2004 வாக்கில் டிரான்சிஸ்டர் ரொம்பச் சிறிதாகி, அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது, மின்னழுத்தத்தை மேலும் குறைக்க வழியில்லை.

10 ஜிகாஹெர்ட்ஸ் வரை போவோம் என்று பேசிக்கொண்டிருந்த இன்டெல் 2004 அக்டோபரில் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயே கைவிட்டது. 2006இல் வந்த இன்டெலின் கோர் 2 டுயோ குறைந்த ஜிகாஹெர்ட்ஸில் பென்டியம் 4ஐத் தோற்கடித்தது. ஏஎம்டி 2013இல் 5 ஜிகாஹெர்ட்ஸ் தொட்டபோது அந்த எஃப்எக்ஸ்-9590க்கு 220 வாட். இன்டெலின் 14900கேஎஸ் 2024இல் 6.2 வரை வந்திருக்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். இது யாரும் மேஜையில் உட்கார்ந்து போட்ட எல்லை இல்லை.

ஆரல்வாய்மொழி காற்று:
தம்பியின் சந்தேகத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஜிகாஹெர்ட்ஸ் நின்றதற்குச் சூடு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்டி இல்லாதபோது மற்ற முன்னேற்றமும் நின்றது. 2011இல் ஏஎம்டியின் புல்டோசர் புராசஸர் சரியாகப் போகவில்லை, அதற்குப் பிறகு சாதாரண டெஸ்க்டாப்புக்கு இன்டெல் வருடா வருடம் நான்கு கோர்தான் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி) கொடுத்தது. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் எட்டு கோரோடு வந்தது, அதே வருடம் அக்டோபரில் இன்டெல் ஆறு கோர் விட்டது. அதுவரை முடியாதது திடீரென்று எப்படி முடிந்தது? ஏஎம்டி சிப்பை வாங்காமல் இருப்பதற்காகக் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு இன்டெல் சலுகை கொடுக்கிறது என்று ஏஎம்டி வழக்குப் போட்டு, 2009இல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனதும் நடந்ததுதான். வாங்குகிற நமக்கு இரண்டு கம்பெனியும் பலமாக இருப்பதுதான் நல்லது. அதனால் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இரண்டையும் பாருங்கள்.

தக்கலை ஸ்டுடியோ:
ரொம்ப நன்றி. அப்போது அந்த 1.3 என்பதற்கு என்ன அர்த்தம்? வாங்கலாமா வேண்டாமா?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
வாங்கலாம். 1.3 என்பது 15 வாட்டுக்குள் தொடர்ந்து ஓடுவதற்கான அடிப்படை வேகம், அதே சிப் தேவைப்படும்போது 4.4 வரை ஏறும். உள்ளே பெரிய கோர் இரண்டு, சிறிய கோர் எட்டு. போட்டோஷாப்பில் லேயரை நகர்த்துவது, பிரஷ் ஓட்டுவது எல்லாம் பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தில்தான் நடக்கும், ஆகவே உங்கள் பழைய பெட்டியோடு ஒப்பிடவே வேண்டாம். ரேம் 16 ஜிபி போடுங்கள், ஆல்பத்துக்கு 8 போதாது.

ஆனால் 4.4 எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்த லேப்டாப்பின் ஃபேனையும், சிப்பின் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க்கையும் பொறுத்தது. ஒரே ஐ5 போட்ட இரண்டு மாடல் ஒன்றுபோல் ஓடாது. குளச்சல், முட்டம் பக்கமிருந்து சர்வீஸுக்கு வருகிற லேப்டாப்பில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேனை அடைத்திருக்கும், சூடு வெளியே போகாமல் வேகம் தானாகக் குறைந்துவிடும், ஆட்கள் புராசஸர் போய்விட்டது என்று நினைத்துக் கொண்டு வருவார்கள். சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும்.

ஏஎம்டி பார்த்தால் ரைசன் 5 7520யு, 7530யு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது பழைய ஜென் 2 வடிவமைப்பில் நான்கு கோர், இரண்டாவது ஜென் 3இல் ஆறு கோர். ஆல்பத்துக்கு 7530யுதான். கடையில் சார்ஜர் மாட்டி, பெரிய ஃபைல் ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டு, பத்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரில் வேகம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.