புதுப்பிப்பு: அக்கா மகனுக்கான எழுத்துச் செயலி

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அம்பாசமுத்திரத்தில் அக்கா மகனுக்காக எழுத்து பழகும் செயலி செய்கிறேன், அவன் ஒன்றைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் அமுங்குகிறது, என்ன செய்யலாம் என்று. ஆறு வயது, மூளை முடக்குவாதம். விரல் நினைத்த இடத்தில் நிற்காது.

பட்டனைப் பெரிதாக்கச் சொன்னீர்கள். ஆண்ட்ராய்டு வழிகாட்டி கேட்பது 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு), ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதை இருமடங்காக்கியும் பாதிதான் தீர்ந்தது. அப்புறம், விரலை வைக்கும்போது இல்லாமல் எடுக்கும்போது தேர்வாகும்படி மாற்றினேன். தப்பான இடத்தில் பட்டாலும் திரையோடு இழுத்துப் போய்ச் சரியான எழுத்தில் விடலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ள'வில் இருந்து 'ழ' வரைக்கும் மெதுவாக நகர்த்தினான். பிடித்துவிட்டான்!

நான் யோசிக்காதது ஒன்று. தப்பு விடைக்கு 'பர்ர்' என்று ஒரு சத்தம் வைத்திருந்தேன். "மாமா, இது ஏன் என்னைய வையுது?" என்றான். அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன். இப்போது சரியான எழுத்து மட்டும் லேசாக அசையும். மின்னுவதை நானே தவிர்த்தேன். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாம்.

ஆப்பிள் படத்துக்குப் பதில் நுங்கு வைத்தது அக்காவின் யோசனை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக் வசதி மட்டும் பாக்கி. எழுத்துகளைப் படமாகப் போட்டதால் அதற்கு வாசிக்க ஒன்றுமில்லை. என் சோம்பேறித்தனம்தான். 247 எழுத்துக்கும் பெயர் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன். 'ஙை' வரைக்கும் வந்தாச்சு.