டேன்டிலியன் வேர்க் காபி: வெளியே கரி, உள்ளே பச்சை. எங்கே தப்பு?

புதுவறுவல் கேட்டது:

டேன்டிலியன் (மஞ்சள் பூ விடும் களைச்செடி) வேரை வறுத்துக் காபித்தூள் செய்யும் முயற்சி இரண்டு தடவையும் சொதப்பல். செய்ததை அப்படியே எழுதுகிறேன், தப்பு எந்த இடத்தில் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர் 600 கிராம். பூத்து ஓய்ந்த பிறகு, வசந்தத்தின் கடைசியில் தோண்டியது. கழுவி, ஈரம் துடைத்து, கைக்கு வந்தபடி நறுக்கி, உடனே ஓவனில் 200 டிகிரி செல்சியஸ், 40 நிமிடம். மெல்லிய துண்டுகள் கரியாகிவிட்டன. தடித்ததை ஒடிக்கப் போனால் ஒடியவில்லை, ரப்பர் மாதிரி வளைகிறது. வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளை. இரண்டையும் சேர்த்து அரைத்து பாட்டிலில் வைத்தால் மூன்றாம் நாளே கல்லாக இறுகிவிட்டது. அதில் ஒரு டீஸ்பூன் சுரண்டி எடுத்து வெந்நீர் ஊற்றினால் கருகல் வாசமும் கசப்பும்தான். ஸ்ட்ராங் என்பது பெயருக்குக்கூட இல்லை.

சூடு அதிகமா, நேரம் குறைவா? பொடி ஏன் இறுகுகிறது? அப்புறம், தோண்டும்போது கூடவே வரும் இலை, பூவை உருப்படியாக எதற்காவது பயன்படுத்தலாமா?

தீயளவு எழுதியது:

சூடும் அதிகம்தான். ஆனால் மூலத் தப்பு, வறுப்பதற்கு முன் காயவைக்காதது. பச்சை வேரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது வெளியேறும் வரை துண்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் அங்கே நிறமே மாறாது. அதற்குள் மெல்லிய நுனிகள் காய்ந்து, வறுபட்டு, கருகியும் முடித்துவிடும். 40 நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினாலும் இதே கதைதான், கரி மட்டும் கூடும்.

கழுவுவது: வாளித் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். வாளியின் அடியில் மணல் தங்காத வரை தண்ணீர் மாற்ற வேண்டும், பெரும்பாலும் மூன்று நான்கு தடவை. தோல் சீவ வேண்டாம். வேரும் இலையும் சேரும் கழுத்துப் பகுதியின் மடிப்புகளில் மண் ஒளிந்திருக்கும், அங்கே ஒரு செ.மீ. வெட்டித் தள்ளிவிடுங்கள். மயிர் போன்ற சல்லிவேர்களையும் உருவி எறியுங்கள், முதலில் கருகி மொத்தத்துக்கும் புகை வாசம் ஏற்றுவது அவைதான்.

நறுக்குவது: பென்சிலைவிடத் தடித்த வேரை நீளவாக்கில் பிளந்து, பிறகு 5 மி.மீ. துண்டுகளாக்குங்கள். "கைக்கு வந்தபடி" நறுக்கினால் பாதி கரி, பாதி பச்சை என்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. வெட்டும்போது வரும் பால் விரலில் பட்டுப் பழுப்பாகக் காயும். சோப்புக்கு அசையாது, சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் வரும்.

காயவைப்பது: 45 முதல் 50 டிகிரியில் 6 முதல் 10 மணி நேரம். ஓவனில் என்றால் இருப்பதிலேயே குறைந்த சூடு, கதவை ஒரு விரல் அகலம் திறந்துவைக்க வேண்டும். காற்றோட்டமான நிழலில் என்றால் மூன்று நான்கு நாள். நேரத்தை நம்பாதீர்கள்: இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்து ஒடியுங்கள். படக்கென்று சத்தத்தோடு ஒடிந்தால் காய்ந்தது, வளைந்தால் இல்லை. 600 கிராம் வேர் இந்தக் கட்டத்தில் 130 முதல் 150 கிராமுக்குள் நிற்கும்.

வறுப்பது: 150 டிகிரி, ஒரே அடுக்காகப் பரப்பி, மொத்தம் 30 முதல் 45 நிமிடம். முதல் 20 நிமிடம் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். அதன்பின் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. மூக்கைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நனைந்த மண் வாசம், அடுத்து ரொட்டி வாட்டும் வாசம், பிறகு கோகோ. கோகோ வாசம் அறை முழுக்கப் பரவும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். தோலும் நடுவும் ஒரே பழுப்பாக இருந்தால் வெளியே எடுத்துவிடலாம். வாசம் மூக்கைக் கமறத் தொடங்கிவிட்டால் இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். எடுத்ததை உடனே வேறொரு குளிர்ந்த தட்டுக்கு மாற்றுங்கள். சூடான தட்டிலேயே விட்டால் வெளியே வந்த பிறகும் வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

ஆணிவேர் எழுதியது:

தீயளவு சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வேரைத் தோண்டிய பருவமும் ஒரு காரணம்.

இந்தச் செடி தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைப்பதில்லை, இன்யூலினாக வைக்கிறது. ஃபிரக்டோஸ் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் காய்ந்த வேரின் எடையில் 40 விழுக்காடு வரைகூட அது இருக்கும். குளிர்காலம் தாண்டி இலையும் பூவும் விட அதையே செலவழிப்பதால், வசந்தத்தில் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். பூத்து ஓய்ந்த செடியின் வேர் என்பது காலிப் பை. நாரும் கசப்பும்தான் மிச்சம்.

வறுக்கும்போது காபி போன்ற நிறமும் வாசமும் வருவது இந்த இன்யூலின் உடைந்து ஃபிரக்டோஸாகிப் பழுப்பேறுவதால்தான். ஃபிரக்டோஸ் 110 டிகிரி அருகிலேயே பழுப்பேறத் தொடங்கிவிடும். சாதாரணச் சர்க்கரைக்கு 160 வேண்டும். காபிக்கொட்டை 200 டிகிரிக்கு மேலும் தாங்குகிறதே என்று அதே கணக்கை இங்கே போட்டால் கரிதான். உறைபனிக்குப் பிறகு தோண்டிய வேரில் இன்யூலினில் ஒரு பகுதி ஏற்கெனவே சர்க்கரையாகியிருக்கும். அது இனிப்பு கூடுதல், கருகும் வேகமும் கூடுதல். அதற்கு 140 டிகிரி போதும்.

இரண்டு வயது தாண்டிய செடியாகப் பாருங்கள். கழுத்து கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள், மண்வெட்டியை விட்டுவிட்டு, மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் 25 செ.மீ. ஆழத்துக்கு நெம்பினால் வேர் முழுசாக வரும். உடைந்து உள்ளே தங்கும் துண்டு மறுபடி முளைக்கும். அடுத்த அறுவடைக்கு அது வரம், தோட்டக்காரருக்குச் சாபம்.

பொடி இறுகுவதற்கும் இதே சர்க்கரைதான் காரணம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் பாதி வேகாத துண்டுகளின் ஈரமும் உள்ளேயே சேர்ந்துவிட்டது. வறுத்த துண்டுகளை முற்றிலும் ஆறிய பிறகு காற்றுப்புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டுவைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

"ரப்பர் மாதிரி" என்று எழுதியிருந்தீர்கள். துண்டு வளைந்தது ஈரத்தால்தான். ஆனாலும் இதே பேரினத்தில் கோக்-சாகிஸ் என்றொரு செடி உண்டு. அதன் வேர்ப்பாலிலிருந்து ரப்பர் எடுக்க 1930, 40களில் சோவியத் ஒன்றியத்தில் பெரிய அளவில் பயிரிட்டார்கள்.

கொதிநீர் எழுதியது:

ஓவன் இருந்தால்தான் முடியும் என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அடி கனமான இரும்பு வாணலியில், சிறு தீயில், கை விடாமல் கிளறி 20 முதல் 25 நிமிடத்தில் வறுத்துவிடலாம். சொல்லப்போனால் பதம் தவறும் நொடி ஓவனைவிட வாணலியில்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஈடுக்கு 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள்.

ஸ்ட்ராங் இல்லாததற்கு வேர் மட்டும் காரணமில்லை. வெந்நீர் ஊற்றி உடனே வடித்தால் இது இறங்காது, கொதிக்க வேண்டும். கல்லுப்புப் பருமனுக்கு உடைத்த தூள் 8 கிராம், குவித்த ஒரு டேபிள்ஸ்பூன் வரும். 300 மி.லி. தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் 10 நிமிடம், மூடிவைத்து. இறக்கி இரண்டு நிமிடம் தெளியவிட்டு வடித்தால் சுமார் 250 மி.லி. கிடைக்கும். பால் சேர்ப்பதானால் தண்ணீரைப் பாதியாக்கிக் கெட்டி டிகாக்‌ஷனாக எடுங்கள். மாவாக அரைக்காதீர்கள், உப்பிப்போய் வடிதாளை அடைக்கும், கோப்பையின் அடியில் சேறாகவும் தங்கும்.

இதில் காஃபீன் கிடையாது. தூக்கம் கலையும் என்று எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றம்தான். வறுத்த சிக்கரியும் இதே குடும்பம், அதுவும் இன்யூலின் வேர்தான். மூன்று பங்குக்கு ஒரு பங்கு சேர்த்தால் நிறமும் கனமும் கூடும்.

கருகிய பழைய பொடியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கருகல் கசப்பு சர்க்கரைக்கும் மசியாது, பாலுக்கும் மசியாது. உரக்குழிதான் அதற்கு இடம்.

இலைக்கட்டு எழுதியது:

இலைக்கு வருவோம். மொக்கு தலைகாட்டுவதற்கு முன் பறித்ததே நல்ல இலை. மொக்கு வந்துவிட்டால் கசப்பு ஏறிவிடும். முன்கூட்டியே திட்டமிட முடிந்தால், செடியின் மேல் வெளிச்சம் புகாத தொட்டியைப் பத்து நாள் கவிழ்த்துவையுங்கள். உள்ளே வளரும் இலை வெளிறி, மென்மையாக, கசப்பு பாதியாகக் குறைந்து வரும்.

கசப்பான இலைக்கு: லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு, தளதளவென்று கொதிக்கும்போது இலையைப் போட்டு இரண்டு நிமிடம். முற்றியது என்றால் நான்கு நிமிடம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி. கசப்புப் பொருள் தண்ணீரில் இறங்குவது, அதனால் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் வேகவைத்தால் இறங்கிய கசப்பே திரும்ப இலையில் ஏறும். உடனே குளிர்ந்த நீரில் முக்கி, இறுகப் பிழிந்து, பூண்டு தட்டிப்போட்ட எண்ணெயில் மூன்று நிமிடம் வதக்குங்கள். பச்சையாகத் தின்ன, தடித்த நடுநரம்பைக் கிழித்துவிட்டு உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு. புளிப்பும் எண்ணெயும் இல்லாமல் வெறும் இலையைக் கடித்துவிட்டு இந்தச் செடியைத் திட்டுபவர்களே அதிகம்.

ஒரு எச்சரிக்கை, அலட்சியம் வேண்டாம். 100 கிராம் பச்சை இலையில் வைட்டமின் கே சுமார் 780 மைக்ரோகிராம். பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 90 முதல் 120தான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தட்டில் சேர்க்கவே கூடாது. பித்தக்குழாய் அடைப்பு, பித்தப்பைக் கல் உள்ளவர்கள், சிறுநீர் பெருக்கி மாத்திரையோ, மனநல மருந்தான லித்தியமோ எடுப்பவர்களும் அப்படியே. சாமந்தி போன்ற டெய்சி குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வேர்க் காபியை முதல் நாளே மூன்று கோப்பை குடித்தால் இன்யூலின் வயிற்றை ஊதவைக்கும், ஒன்றில் தொடங்குங்கள்.

புதுவறுவல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். தோண்டியதில் சில செடிகளில் ஒரே தண்டு கிளைவிட்டு இரண்டு மூன்று பூ இருந்தது, இலையில் சொரசொரவென்று ரோமமும் இருந்தது. வேறு ரகமா?

ஆணிவேர் எழுதியது:

ரகம் இல்லை, வேறு செடியே. அது பெரும்பாலும் கேட்ஸ்இயர். டேன்டிலியனில் இலை எல்லாம் தரையோடு வட்டமாக விரியும், ரோமம் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். பூந்தண்டு கிளையோ இலையோ இல்லாமல், உள்ளே குழலாக, உச்சியில் ஒரே ஒரு பூவோடு நிற்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். கேட்ஸ்இயர் விஷமில்லை, அதன் வேரையும் வறுப்பார்கள். ஆனால் இரண்டையும் கலந்து வறுத்தால் பதம் ஒன்றாக வராது, உங்கள் தட்டில் நடந்ததில் இதற்கும் பங்கு இருக்கும்.

பயப்பட வேண்டியது ராக்வொர்ட்டுக்கு. பூக்காத இளம் செடி தரையோடு வட்டமாக, பிளவுபட்ட இலைகளோடு இருக்கும், ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உள்ளது. அதில் பால் வராது. ஆனால் பால் வருகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் டேன்டிலியன் என்று முடிவுகட்டாதீர்கள், பால் வரும் செடிகள் ஏராளம். முதல் வருடம் பூவைப் பார்த்து, செடியின் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு, இலையுதிர் காலத்தில் வந்து தோண்டுங்கள். களைக்கொல்லி தெளித்த புல்தரை, சாலையோரம், நாய்கள் புழங்கும் இடம் வேண்டாம்.

இதழ்ப்பாகு எழுதியது:

பூவை யாரும் தொடவில்லையே. வெயிலில் முழுசாக விரிந்திருக்கும் நண்பகலில் பறித்து, துணியில் பத்து நிமிடம் பரப்பினால் பூச்சிகள் தாமே வெளியேறும். கழுவினால் மகரந்தம் போய்விடும், வாசமும் கூடவே போகும். பூவின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தைக் கிள்ளி, மஞ்சள் இதழ்களை மட்டும் உருவுங்கள். பச்சை கலந்தால் பாகு கசக்கும்.

200 பூவின் இதழ், 1 லிட்டர் தண்ணீர், வட்டமாக நறுக்கிய ஒரு எலுமிச்சை: 15 நிமிடம் கொதிக்கவைத்து, இரவு முழுக்க மூடிவைத்து, மறுநாள் பிழிந்து வடியுங்கள். 1 கிலோ சர்க்கரை சேர்த்துச் சிறு தீயில் வற்றவிட்டால் தேன் பதம் வரும். வெப்பமானியில் 104 முதல் 105 டிகிரி. அதற்குக் கீழே இறக்கினால் சில வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மேலே போனால் பாட்டிலில் கற்கண்டாகும். எலுமிச்சையை வாசத்துக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அந்தப் புளிப்புதான் சர்க்கரை திரும்பப் படியாமல் தடுக்கிறது.

பறித்த பூவை அன்றைக்கே உருவிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று கூடையில் விட்டால் மாலையே மூடிக்கொள்ளும். காயவைக்கலாம் என்று முழுப் பூவாக விட்டாலோ, பறித்த பிறகும் முதிர்ந்து, மஞ்சள் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சாக விரிந்து நிற்கும்.